ட்ரைபருக்குள் ஒரு கட்டில்: மன்னவனூர் ஏரிக்குப் போய்வந்த கணக்கு

அம்மாவும் நானும் மதுரையிலிருந்து கிளம்பி, கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் ஏரிப் பக்கம் போய், எங்கள் ரெனோ ட்ரைபர் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கி, நல்லபடியாகத் திரும்பிவிட்டோம். கட்டில் ஆடவில்லை, பேட்டரி தீரவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வீங்கவில்லை. எது வேலை செய்தது, எதை அறுத்து மாற்றினோம், எவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் வண்டி? அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் விரிக்கிற டென்டுக்குள் குனிந்து போய் உட்கார்ந்து எழுவது அவரால் முடியாது. லாட்ஜில் தங்கலாம்தான். ஆனால் விடியற்காலையில் ஏரி மேல் பனி எழும்புவதைக் கண் விழித்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முப்பது வருஷத்துக்கு மேல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர். அந்த ஆசையை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று எனக்கு இருந்தது.

இடம் முதலில், பலகை பிறகு

ஆர்.வி. என்று வெளிநாட்டில் ஓட்டுகிற வீட்டு வண்டிகளில் கழிப்பறை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஏரிக்கரையில் அவற்றை நிறுத்துவதற்கென்றே மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் கழிவு இறக்கும் வசதியும் உள்ள இடங்களும் இருக்கும். நம் பக்கம் நிலைமை வேறு. ஆகவே கழிப்பறை, தண்ணீர், ராத்திரிப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் தருகிற ஒரு இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். நான் ஒரு வாரம் போனும் கையுமாக இருந்தது இதற்காகத்தான். வண்டி வேலையைவிட இது முக்கியம் என்று இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

மதுரைக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கிய அழகான இடங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் அவை மனிதர் கட்டியவை. கொடைக்கானல் ஏரியையே 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டுவித்தார். வைகை அணை 1959இல் வந்தது. ஆனால் வைகை அணைப் பூங்கா பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். தேக்கடி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மேகமலையின் ஏரிகள் மனதை இழுத்தன, ஆனால் 2021இல் அந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இரவில் வண்டியை ஓரங்கட்டிப் படுக்கிற பேச்சுக்கே இடமில்லை. பேரிஜம் வனத்துறை அனுமதி வாங்கிப் பகலில் போய் வருகிற ஏரி. காட்டுக்குள் திருட்டுத்தனமாக நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மலையில் காட்டுமாடு இருட்டில் சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

மன்னவனூரிலும் ஏரிக்கரை வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதிதான். பகலில் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பரிசல் ஏறலாம், மாலையில் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் ஊரைச் சுற்றித் தனியார் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒரு தோட்டக்காரர் குடும்பம், ஏரி தெரிகிற மேட்டில் கார் நிறுத்திப் படுத்துக்கொள்ள ஒரு இரவுக்கு ₹600 என்று சம்மதித்தது. போனிலேயே நான் கேட்டவை: வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, அது வண்டியிலிருந்து எத்தனை தப்படி, வழியில் படிக்கட்டு உண்டா, ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள், கேட் பூட்டுவார்களா, நிறுத்துகிற இடம் சமதளமா. பெண்கள் இரண்டு பேர் மட்டும் போகும்போது வீட்டில் ஆள் இருப்பது, கேட் பூட்டுவது என்ற இரண்டு பதில்களுக்காக ஏரிக்குக் கொஞ்சம் தள்ளிப் படுப்பதில் நஷ்டமே இல்லை. அந்த வீட்டு அம்மா, "நாங்க இங்கதான் இருப்போம், பயப்படாம வாங்க" என்று சொன்ன பிறகுதான் அளவு டேப்பை எடுத்தேன்.

இ-பாஸையும் அப்போதே எடுத்து வைத்தேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். மன்னவனூர் போகவும் கொடைக்கானலைக் கடந்துதான் ஆக வேண்டும்.

கட்டில்

வண்டியில் ஓட்டை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. போகும்போது ஏற்றி, வந்ததும் இறக்கிவிடுகிற கட்டிலாக இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ட்ரைபரில் மூன்றாவது வரிசை சீட்டுகள் கழற்றி எடுக்கும்படியே வருகின்றன. அவற்றை எடுத்தால் பின்னால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். இரண்டாவது வரிசையை முன்னால் மடக்கலாம். இந்த இரண்டு வசதியும்தான் என் திட்டத்துக்கு அடிப்படை.

அளவு எடுப்பதற்கு டேப் மட்டும் போதாது. வண்டியின் உட்பக்கம் எங்கும் நேர்கோடு கிடையாது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி, தரையில் விரித்து, சக்கர மேட்டுக்கும் கதவு ஓரத்துக்கும் தகுந்தபடி வெட்டி வெட்டிப் பார்த்தேன். முன் சீட்டை நன்றாக முன்னால் தள்ளி, இரண்டாவது வரிசையை மடக்கினால் எனக்குக் கிடைத்த படுக்கை: நீளம் 178 செ.மீ., அகலம் 118 செ.மீ. அம்மா 154, நான் 161. ஆறடி ஆளுக்கு இது பற்றாது.

சட்டம் ஒரு இன்ச் இரும்புச் சதுரக் குழாய், 18 கேஜ். செல்லூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தேன். அட்டை மாதிரியைக் கையோடு கொண்டுபோனதால் பட்டறைக்காரருக்கு வேலை சுலபம். "அக்கா, எல்லாரும் பேப்பர்ல கோடு போட்டுக் கொண்டாருவாங்க, இது எவ்வளவோ தேவலை" என்றார். மேலே 12 மி.மீ. மெரைன் பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் மூன்று பலகை வெட்டி, நீளக் கீல் போட்டு இணைத்தேன். மரக்கடையிலேயே மிஷினில் அறுத்துக்கொண்டால் ஓரம் பிசிறில்லாமல் வரும். வீட்டில் 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் கட்டாயம் அடிக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் ஏறும்.

உயரத்தில்தான் ஒரு சுற்று கூடுதல் வேலை. கட்டிலுக்கு அடியில் இரண்டு காய்கறி டிரே நுழைய வேண்டும் என்று கணக்குப் போட்டு 42 செ.மீ. உயரத்தில் சட்டம் வந்தது. வண்டியில் ஏற்றிப் பார்த்தால் கட்டில் ஓரம் தரையிலிருந்து 107 செ.மீ. அம்மா டிக்கிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, இம்புட்டு ஒசரத்துல நான் எப்படி ஏறுறது?" என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்தாலும் தலை கூரையில் இடித்தது. மடக்கிய சீட்டுக்கு மேலே ஒட்டினாற்போல் கால்களை 33 செ.மீ.க்கு அறுத்தோம். ஓரம் 98 செ.மீ.க்கு இறங்கியது. மீதி உயரத்துக்குப் பழைய தேக்கு ஜன்னல் சட்டத்தில் இரண்டு படி வைத்த ஸ்டூல் ஒன்று செய்தேன்: முதல் படி 25, இரண்டாவது 50 செ.மீ., அகலம் 40. இரண்டாவது படியில் நின்று திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே தூக்கிப் போட்டால் ஆயிற்று. அடியில் இப்போது டிரே போகாது. அதற்குப் பதிலாகத் தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள் நுழைகின்றன. இந்தப் பயணத்துக்காகச் செய்தவற்றில் மிக உபயோகமான பொருள் எது என்று கேட்டால் அந்த ஸ்டூலைத்தான் சொல்வேன்.

சட்டமும் பலகையும் சேர்ந்து பழைய இரும்புக் கடைத் தராசில் 29 கிலோ நின்றது. இதற்கு மேல் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. ட்ரைபர் ஒரு லிட்டர் எஞ்சின். மலை ஏறும்போது ஒவ்வொரு பத்துக் கிலோவும் கிளட்சில் தெரியும்.

ஏற்றிப் பார்க்கச் சிறுமலைக்கு ஓட்டிப்போனேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, சோதனைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பிளைவுட்டும் இரும்பும் உரசி விடாமல் கடகடவென்று சத்தம். சைக்கிள் கடையில் பழைய ட்யூப் வாங்கி நீளவாக்கில் கீறி, குழாயின் மேல் பக்கத்தில் ரப்பர் பசை போட்டு ஒட்டினேன். சத்தம் அத்தோடு நின்றது. இன்னொன்று கொஞ்சம் கவலைக்குரியது. பிரேக் போட்டால் கட்டில் முழுசும் முன்னால் நகர்ந்தது. 29 கிலோ இரும்பும் பலகையும் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்பது ஆபத்து. மூன்றாவது வரிசை சீட் மாட்டுகிற கொக்கிகளில் ராட்செட் பட்டை இரண்டு போட்டு இறுக்கினேன். லாரியில் சரக்குக் கட்டுகிற அதே பட்டைதான், சின்ன அளவு. அதற்குப் பிறகு விரல் அகலம்கூட நகரவில்லை. பாத்திரம், அடுப்பு, தண்ணீர்க் கேன் என்று கனமானது எதுவும் கட்டிலுக்கு மேலே வைத்து ஓட்டவே கூடாது.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள்: பின்பக்கக் கதவுகளின் சைல்டு லாக்கை எடுத்துவிடுங்கள். டிக்கிக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. சைல்டு லாக்கும் போட்டிருந்தால் அவசரத்துக்கு வெளியே வர முன் சீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முட்டி மடக்க முடியாதவர்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

மெத்தை

ஃபோம் வாங்கலாமா, இலவம்பஞ்சா என்று கொஞ்ச நாள் யோசனை. அம்மாவின் வாக்கு இலவம்பஞ்சுக்கு. தேனிப் பக்கம் போடி, வருசநாட்டில் விளைகிற பஞ்சு நமக்குப் புதிது இல்லை. அது தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் குடிக்காது. அந்தக் காலத்தில் கப்பலில் உயிர்காப்பு உடுப்புக்குள் திணித்ததும் இந்தப் பஞ்சைத்தான். குளிரில், ஈரம் படியும் வண்டிக்குள், பருத்தியைவிட இது நல்லது என்று பட்டது. பலகைகளின் அளவுக்கே மூன்று துண்டாக மெத்தை தைக்கச் சொன்னோம், கனம் மூன்று இன்ச். துண்டு துண்டாக இருந்ததால் வெயிலில் உலர்த்துவதும் சுலபம். உறையை அம்மா தைத்தார். துண்டுகள் விலகாமல் இருக்க ஓரத்தில் நாடா வைத்து முடிச்சுப் போடும்படி செய்தது அவர் யோசனைதான். கடையில் விற்கும் கார் மெத்தை எதிலும் நான் அப்படிப் பார்க்கவில்லை.

கரண்டு

இதில் நிறையப் பேர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். நான் முதலில் தாளில் கணக்குப் போட்டேன். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 3 வாட், ராத்திரி ஒன்பது மணி நேரம் ஓடினால் 54 வாட்-மணி. எல்.இ.டி. பட்டை 5 வாட், நாலு மணி நேரத்துக்கு 20. இரண்டு போன் சார்ஜுக்கு 30. மொத்தம் ஒரு நாளைக்கு 104. வாங்கியது 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. பெருக்கினால் 384 வாட்-மணி. மூன்று ராத்திரிக்குத் தாராளம். ஆகவே சோலார் பலகை வாங்குகிற யோசனையைக் கைவிட்டேன். அதற்கு ஆகும் பணமும் எடையும் மிச்சம்.

பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். படுக்கைக்கு அடியில் கம்பி உரசிப் பொறி பறந்தால் தூக்கத்தில் தெரியாது. பேட்டரியை வீட்டிலேயே அதற்குரிய சார்ஜரில் முழுசாக ஏற்றிக் கொண்டுபோனேன். காரின் சொந்தப் பேட்டரியை ராத்திரி எதற்கும் தொடவில்லை. காலையில் செல்ஃப் எடுக்காமல் மலையில் நிற்க யாருக்கும் வேண்டாம்.

ஈரம்

இந்தப் பயணத்தில் நான் நிஜமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

மதுரையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் படுத்துப் பார்த்தபோது பிரச்சினை புழுக்கமும் கொசுவும்தான். அதற்கு ஏற்றபடி ஏற்பாடு செய்தேன். பின் கதவுக் கண்ணாடிகளுக்கு அம்மா கொசுவலையில் உறை தைத்தார். கதவின் மேல் தலையணை உறை மாட்டுவதுபோல் மாட்டிக் கதவைச் சாத்திவிட்டால் கண்ணாடியை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். மீதிக் கண்ணாடிகளுக்குத் தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளிநிற பப்பிள் ஷீட்டை வெட்டி அடைத்தேன். வெளிச்சமும் வராது, வெளியிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது.

மன்னவனூரில் முதல் ராத்திரி குளிர் நடுக்கியது. தை மாதம். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் படுத்தோம். விடிந்து எழுந்தால் பப்பிள் ஷீட்டின் உள்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. கூரைத் துணி சிலுசிலு. கால்மாட்டில் இருந்த போர்வை ஓரம் நனைந்துபோயிருந்தது. கண்ணாடிகளைத் துடைத்த துணியைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர். ராத்திரி முழுக்க இரண்டு பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த தகரத்திலும் கண்ணாடியிலும் பட்டுத் தண்ணீராகியிருக்கிறது. கீழ்நாட்டில் ஒத்திகை பார்த்தால் இது தெரியவே தெரியாது. மெத்தை மட்டும் அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. இலவம்பஞ்சுக்கும், பலகையில் நான் நான்கு விரல் இடைவெளியில் போட்டிருந்த துளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அன்று பகலிலேயே மாற்றினேன். டிக்கிப் பக்கம் சும்மா காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஒன்றைக் கழற்றி, கையில் கொண்டுபோயிருந்த 6 மி.மீ. ஃபோம் போர்டில் வட்டம் வெட்டிப் பொருத்தினேன். அந்தப் போர்டுப் பட்டையை இடது பின் கதவுக் கண்ணாடியை 13 செ.மீ. இறக்கி அந்த இடைவெளியில் செருகினேன். ஃபேன் காற்றை வெளியே தள்ளும்படி வைக்க வேண்டும், உள்ளே இழுக்கும்படி அல்ல. எதிர்ப் பக்கம் முன் கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் திறந்து வைத்தேன். கண்ணாடிக்கு மேலே மழைத் தடுப்பாக ஒட்டுகிற டோர் வைசர் இருப்பதால் பனி உள்ளே விழாது. காற்று ஒரு மூலையில் நுழைந்து எங்கள் மேலே கடந்து எதிர் மூலையில் வெளியேறியது. அடுத்த காலையில் கண்ணாடியில் மெல்லிய மூட்டம் மட்டும்தான், சொட்டு இல்லை. குளிர் கொஞ்சம் கூடியது உண்மை. அதற்குக் கம்பளி ஒன்று கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம். ஈரப் போர்வைக்கு மருந்து கிடையாது.

ஒரு எச்சரிக்கை. குளிர் என்று வண்டிக்குள் அடுப்போ கரிக் கணப்போ வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். மலையூர்களில் கணப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்கள் சூட்டுக்கு இரண்டு ரப்பர் வெந்நீர்ப் பை போதுமானதாக இருந்தது. படுக்கும் முன் கால்மாட்டில் வைத்தால் நடுராத்திரி தாண்டியும் வெதுவெதுப்பு இருக்கும்.

சமையல்

டிக்கிக் கதவைத் தூக்கி, அதன் மேல் எட்டுக்குப் பத்து சில்பாலின் தார்ப்பாயைப் போட்டு, இரண்டு மூங்கில் நட்டுக் கயிறு கட்டினால் சமையற்கட்டு தயார். அடுப்பு பெட்டிபோல் மூடுகிற பியூட்டேன் கேன் அடுப்பு. குளிரில் பியூட்டேனுக்கு அழுத்தம் குறைந்துவிடும். காலை ஆறு மணிக்குப் பற்றவைத்தபோது நீல ஜுவாலை பெருவிரல் உயரத்துக்குக்கூட எழவில்லை. டீத்தண்ணி கொதிக்க அரை மணி ஆனது. மறுநாள் கேனைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து, எழுந்ததும் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துப் பிறகு மாட்டினேன், நன்றாக எரிந்தது. கேனை நெருப்புப் பக்கம் காட்டிச் சூடேற்றுவது மட்டும் கூடாது.

மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. கொடைக்கானலின் 2,100 மீட்டரில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் கட்டாயம். கீழமாசி வீதியில் வாங்கிய மளிகையில் அம்மா வீட்டிலேயே புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து எடுத்து வந்திருந்தார். ஆகவே அங்கே வேகவைக்க வேண்டியது சோறும் முட்டையும்தான். பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கி, நல்லெண்ணெயில் வதக்கிப் புளிச்சோற்றோடு சாப்பிட்டோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. சின்ன பல், நல்ல காரம்.

தண்ணீருக்குப் பத்து லிட்டர் கேன் இரண்டு. இருபது லிட்டர் கேன் ஒன்றாகக் கொண்டுபோனால் தூக்க முடியாது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் குடிக்க எவர்சில்வர் பாட்டில். குப்பை எல்லாம் ஒரு மூடிபோட்ட பெயின்ட் வாளியில் மதுரைக்கே திரும்பி வந்தது. சாப்பாட்டுப் பொருள் எதையும் ராத்திரி வெளியே வைக்கவில்லை. காட்டுமாடும் பன்றியும் தோட்டத்துக்கு வருவதாக அந்த வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

போன பாதை, நிறுத்திய விதம்

வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு, பெருமாள்மலை வழியே கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். அங்கிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்கு இன்னும் 35 கிலோமீட்டருக்குள். பின் பாதி குறுகல் ரோடு, பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். கொடைக்கானலிலேயே பெட்ரோலை நிரப்பிவிட்டேன். ஏறும்போது ஏசியை நிறுத்தி இரண்டாவது கியர், வளைவுகளில் முதல் கியர். இறங்கும்போதும் ஏறிய அதே கியர்தான். நியூட்ரலில் விட்டு இறக்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

நிறுத்துகிற இடம் பார்வைக்குச் சமதளமாகத்தான் தெரிந்தது. கொத்தனார் ரசமட்டத்தைக் கட்டிலில் வைத்துப் பார்த்தால் இடது பக்கம் தாழ்வு. ஒன்றரை இன்ச் பலகையை இடது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அடியில் போட்டு ஏற்றி நிறுத்தினேன். கொஞ்சம் சரிந்து படுத்தாலும் ராத்திரி முழுக்க ஒருவர் மேல் ஒருவர் உருள வேண்டியிருக்கும். கைப்பிரேக், முதல் கியர், சக்கரங்களுக்குப் பின்னால் கல், மூன்றும் போட்ட பிறகுதான் அம்மாவை ஏறச் சொன்னேன். தலைமாடு மேட்டுப் பக்கம், டிக்கி ஏரியைப் பார்த்து. காலையில் டிக்கியைத் தூக்கினால் ஏரி நேர் எதிரே. அம்மா கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்துவிட்டேன்.

செலவு

பிளைவுட் ₹3,300. இரும்புச் சட்டமும் வெல்டிங்கும், கால் அறுத்த கூலி சேர்த்து ₹3,900. கீல், திருகு, வார்னிஷ் ₹450. மெத்தை ₹4,200. பேட்டரி ₹9,500, அதன் சார்ஜர் ₹1,400. ஃபேன், ஒயர், ஃபியூஸ் ₹900. பப்பிள் ஷீட் ₹700. கொசுவலை ₹600, தையற்கூலி அம்மா வாங்கவில்லை. தார்ப்பாய், பட்டை, கயிறு ₹1,100. அடுப்பு ₹1,800. மொத்தம் ₹27,850. பயணத்துக்குப் பெட்ரோல் சுமார் ₹2,350. ஸ்டூலுக்கு மரம் வீட்டில் கிடந்தது.

இதில் குறைக்க முடிந்தது பேட்டரி. ஒரே ஒரு ராத்திரிக்குப் போகிறவர்களுக்கு 12 ஆம்பியர்-மணி போதும், விலையும் பாதிக்குக் கீழே வந்துவிடும். குறைக்கக் கூடாதது மெத்தையும் பிளைவுட்டும்.

அடுத்த தடவைக்கு

மூன்று பலகைகளில் நடுப்பலகை ரொம்பப் பெரிது. ஒரு ஆளால் தூக்கி உள்ளே திருப்ப முடியவில்லை. தோட்டக்காரர் வீட்டுத் தம்பி வந்து கை கொடுத்தார். அதை இரண்டாக அறுத்து இன்னொரு கீல் போடப் போகிறேன். 12 மி.மீ.க்குப் பதில் 9 மி.மீ. பிளைவுட் போட்டு, அடியில் குறுக்குக் குழாய் ஒன்று கூட்டினால் மூன்று நான்கு கிலோ குறையும் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். அதையும் முயன்று பார்க்க வேண்டும்.

ஃபேன் பட்டையை இனி வலது பக்கத்துக்கும் ஒன்று செய்து வைப்பேன். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் செருகினால்தான் ஃபேனுக்கு வேலை சுலபம். அங்கே இரண்டாவது நாள் காற்று திசை மாறியபோது அது நன்றாகத் தெரிந்தது. கூரைக்கு உள்ளே ஒட்டாமல் தொங்கவிடுகிற பருத்தித் துணித் திரை ஒன்றையும் அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார். சொட்டும் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும், காலையில் கழற்றி வெயிலில் போட்டுவிடலாம். ஓரத்துக்குக் காந்தம் வைப்பதா, கொக்கி வைப்பதா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிற பேச்சு. காந்தத்துக்கு உள்கூரைத் துணி இடைஞ்சல், அதனால் மேல் கைப்பிடிகளில் நாடா கட்டிப் பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கிறோம்.